பந்து ஏன் மிதக்கிறது: அனிமேஷன் கற்கத் தொடங்கும் மாணவருக்கு ஒரு விரிவான பதில்

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் கட்டணம் கட்டிப் படித்ததில் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளின் பொத்தான்கள் அவருக்குப் பழகிவிட்டன. ஆனால் அவர் செய்த பந்து தரையில் மோதித் துள்ளாமல் தண்ணீருக்குள் மிதப்பதுபோல இறங்கி ஏறுகிறது. காரணம் கேட்டதற்கு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற பதிலே கிடைத்திருக்கிறது. படம் வரைய வராது என்பது அவருடைய அடுத்த கவலை. கையில் இருப்பவை ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு மொபைலும். அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது, எந்த மென்பொருளில் தொடங்குவது, சென்னைக்குப் போகாமல் இதைக் கற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பந்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. முதல் ஃபிரேமில், அதாவது அடுத்தடுத்து ஓடும் படங்களில் முதலாவதில், பந்தை மேலே வைத்து ஒரு கீ (பொருள் அந்த ஃபிரேமில் எங்கே இருக்கவேண்டும் என்ற குறிப்பு), பன்னிரண்டு ஃபிரேம் கழித்துத் தரையில் ஒரு கீ, இன்னொரு பன்னிரண்டு கழித்து மறுபடி மேலே ஒரு கீ என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். இடையிலுள்ள ஃபிரேம்களை மென்பொருளே நிரப்பிவிடும். நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, ஒவ்வொரு கீயிலிருந்தும் மெல்லக் கிளம்பி அடுத்த கீயில் மெல்லப் போய் நிற்கும் வளைகோட்டையே அது போடுகிறது. ஒருவர் தலையைத் திருப்புவதற்கோ கதவு திறப்பதற்கோ அந்த வளைகோடு பொருத்தமானதுதான். ஆனால் கீழே விழும் பொருள், தரையைத் தொடும் கணத்தில்தான் உச்ச வேகத்தில் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில் மென்பொருள் அதைத் தயங்க வைத்துவிடுகிறது. பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகிய கண் அந்தத் தயக்கத்தை மன்னிப்பதில்லை.

இதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. அசைவைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, உயரத்துக்கான வளைகோட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். தரையைத் தொடும் கீயின் இடத்தில் கோடு வளைந்து திரும்புவது தெரியும். அந்தக் கீயின் இருபுறமும் நீண்டிருக்கும் கைப்பிடிகளின் வகையை ஃப்ரீ என்று மாற்றி, இடப்பக்கக் கைப்பிடியையும் வலப்பக்கக் கைப்பிடியையும் தனித்தனியே மேல்நோக்கி இழுத்துவிட்டால், அடிப்பகுதி கூராகிவிடும். உச்சியிலுள்ள கீயைத் தொடவேண்டாம், அது வளைவாகவே இருக்கட்டும். இப்போது ஓட்டிப் பார்த்தால் பந்துக்கு எடை வந்திருக்கும்.

இந்தத் திருத்தத்தோடு நின்றுவிட்டால் உங்களுக்கு ஒரு பொத்தான் கூடுதலாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கவனிக்கவேண்டியது வேறு: பந்து எத்தனை ஃபிரேமில் கீழே வரவேண்டும் என்பதை நீங்கள் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள், இடைப்பட்ட ஒவ்வொரு ஃபிரேமிலும் அது எங்கே இருக்கவேண்டும் என்பதை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள். முதலாவதை டைமிங் என்பார்கள், இரண்டாவதை ஸ்பேசிங் என்பார்கள். அனிமேஷனில் அடிப்படை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், வரைவதையோ மென்பொருளையோ நான் சொல்லமாட்டேன், இந்த ஸ்பேசிங்கைத்தான் சொல்வேன். டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் தங்கள் நூலில் தொகுத்துத் தந்த பன்னிரண்டு விதிகளை எல்லாப் பயிற்சி மையங்களும் சுவரில் ஒட்டியிருக்கும். மாணவர்களும் அவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஸ்பேசிங்கைப் புரிந்துகொண்டவருக்குத் தாமாகவே விளங்கிவிடக் கூடியவை என்பதை மட்டும் யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை.

ஆகவே சில வாரங்களுக்கு மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுக் காகிதத்துக்கு வாருங்கள். ஏ4 தாள்களை அலுவலகத்தில் பயன்படுத்தும் இரட்டைத் துளை பஞ்சிங் மெஷினால் துளையிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மி.மீ. இருக்கும், துளையின் விட்டம் 6 மி.மீ. ஒரு பலகையில் அதே இடைவெளியில் இரண்டு 6 மி.மீ. போல்ட்டுகளை அடியிலிருந்து மேலாக முடுக்கிவிட்டால் தாள்கள் நகராமல் உட்காரும் சட்டம் தயார். தச்சுப் பட்டறையில் கேட்டால் உடனே செய்து தந்துவிடுவார்கள். கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு செங்கல் மீது வைத்து அடியில் எல்.இ.டி. விளக்கை எரியவிட்டால், கீழ்த்தாளில் வரைந்தது மேல்தாளில் தெரியும். விலைகொடுத்து வாங்கும் லைட் பாக்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது தாளில் 18 செ.மீ. நீளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். உச்சியிலிருந்து 0.5, 2, 4.5, 8, 12.5, 18 செ.மீ. ஆகிய இடங்களில் குறியிடுங்கள். உச்சியையும் சேர்த்தால் ஏழு இடங்கள், ஏழு தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். ஒவ்வொரு தாளையும் மொபைலில் படம்பிடித்து இரண்டு ஃபிரேம் வீதம் காட்டினால், நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், பந்து அரை நொடியில் கீழே வந்துவிடும். இயற்பியல் மாணவரான உங்களுக்கு அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லவேண்டியதில்லை. 1, 4, 9, 16, 25, 36 என்ற வர்க்க எண்களின் பாதிதான் அவை. ஒரு தாளை இரண்டு ஃபிரேமுக்கு வைத்திருப்பது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சில் எமில் கோல் என்ற கலைஞர் 1908-ல் ஏறக்குறைய 700 படங்களை வரைந்து எடுத்த குறும்படத்திலேயே ஒவ்வொரு படமும் இரண்டு முறை படம்பிடிக்கப்பட்டது. இன்றுவரை கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் இருந்தாலே நம் மூளை அவற்றை இணைத்து ஓர் அசைவாக எடுத்துக்கொள்கிறது. இதற்கு விழித்திரையில் பிம்பம் தங்கிவிடுவதே காரணம் என்று பழைய பாடநூல்கள் எழுதிவந்தன. பிம்பம் தங்கியிருந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும். அசைவை உண்டாக்குவது மூளைதான் என்பதை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-லேயே சோதனைகளோடு எழுதிவிட்டார்.

ஸ்பேசிங்கின் வகைகளைப் பார்க்க உங்கள் ஊரே போதும். தண்ணீர் ஓடும் வாய்க்கால் மதகுக்கு அப்பால் ஒரு புங்க இலையைப் போட்டுவிட்டு, கரையில் மொபைலை அசையாமல் வைத்துப் பதிவுசெய்யுங்கள். சமமான தூரத்தைச் சமமான ஃபிரேமில் கடக்கும் அசைவு அது. இந்தச் சீரான ஸ்பேசிங் இயற்கையில் குறைவு, இயந்திரங்களில் அதிகம். உயிருள்ள பாத்திரத்துக்கு அதைக் கொடுத்தால் பொம்மைபோல் ஆகிவிடும். அடுத்து, தென்னையில் காய் பறிக்கும்போது சற்று எட்டி நின்று ஒரு காய் விழுவதைப் பதிவுசெய்யுங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய் தரைக்கு வர 1.43 நொடி, அதாவது 34 ஃபிரேம் ஆகிறது. முதல் 12 ஃபிரேமில் அது 1.2 மீட்டர்தான் இறங்கியிருக்கும்; 24 ஃபிரேமில் 4.9 மீட்டர்; எஞ்சிய பாதிக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடைசிப் பத்து ஃபிரேமில் கடந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் இதே காட்சியைச் செய்யும்போது, காய் வேகமாக விழவேண்டும் என்று எண்ணிப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமில் முடித்துவிடுகிறார்கள். அப்போது மரம் இடுப்பளவு உயரமுள்ள பொம்மை மரமாகத் தெரிகிறது. ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பதை அதன் வரைபடத்தைவிட அது விழ எடுத்துக்கொள்ளும் நேரமே பார்ப்பவருக்கு உறுதியாகச் சொல்கிறது. பிரம்மாண்டமான உருவங்கள் வரும் காட்சிகளில் அசைவு ஏன் மெதுவாக இருக்கிறது என்பதும் இதனால்தான்.

பதிவுகளை மடிக்கணினியில் வி.எல்.சி. பிளேயரில் போட்டு ஆங்கில E விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பெரும்பாலான மொபைல்கள் நொடிக்கு 30 ஃபிரேம் பதிவுசெய்பவை, ஆதலால் அங்கே எண்ணிய ஒவ்வொரு 5 ஃபிரேமும் உங்கள் கணக்கில் 4 ஃபிரேம் என்று மாற்றிக்கொள்ளவேண்டும். இதற்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் கதவு மூட எத்தனை, கொக்கு சிறகை ஒருமுறை அடிக்க எத்தனை, ஒருவர் கண் இமைக்க எத்தனை என்று எழுதி வாருங்கள். எந்தப் பாடத்திட்டத்தையும்விட அந்த நோட்டு உங்களுக்கு அதிகம் பயன்படும்.

இனித் துள்ளல். ஒரு பந்து ஒவ்வொரு முறையும் முந்தைய உயரத்தில் 64 விழுக்காடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 122 செ.மீ. உயரத்திலிருந்து 12 ஃபிரேமில் விழுந்தால், அடுத்து 78 செ.மீ., பிறகு 50, 32, 20 என்று உயரம் குறையும். உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே நேரம் குறையும் என்பதால், ஏற 10 இறங்க 10, ஏற 8 இறங்க 8, ஆறும் ஆறும், ஐந்தும் ஐந்தும் என்று ஃபிரேம்கள் அமையும். இந்த 64-ஐ மாற்றினால் பந்தின் பொருளே மாறிவிடும்: 80 வைத்தால் நல்ல ரப்பர், 20 வைத்தால் காற்று இறங்கிய கால்பந்து. தரையைத் தொடும்போது பந்தை அமுக்கியும் வேகமாகப் போகும்போது நீட்டியும் வரைவதை எல்லாரும் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், மாணவர்களுக்கும் அது மிகவும் பிடித்துவிடுகிறது. என்னைக் கேட்டால் அதை ஒரு மாதம் தள்ளிப்போடுவேன். ஸ்பேசிங் சரியாக இருந்தால் அமுக்காத பந்தும் துள்ளும். அது தவறினால் எவ்வளவு அமுக்கினாலும் மிதக்கத்தான் செய்யும். அமுக்குவதாக இருந்தால் இரண்டை மட்டும் மறக்கவேண்டாம். பந்து குட்டையாகும்போது அந்த அளவுக்கு அகலமாகவேண்டும், அதன் கன அளவு மாறக்கூடாது. தரையைத் தொட்ட பிறகே அமுங்கவேண்டும், தொடுவதற்கு முன்னால் அமுங்கக்கூடாது.

பந்துக்கு அடுத்த பாடத்துக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும் ராஜா ராணிப் பொம்மை ஒன்றை ஒரு பக்கமாகச் சாய்த்து விட்டுவிட்டுப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அது சாயும் தூரம் குறைந்துகொண்டே வரும். ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக எடுத்துக்கொள்ளும் ஃபிரேம்கள் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். பந்தில் உயரம் குறையக் குறைய நேரமும் குறைந்தது, இங்கே அப்படி இல்லை. உங்களுக்கு ஊசலின் பாடம் நினைவுக்கு வரும். மாணவர்கள் தொங்கும் விளக்கையோ கோயில் மணியின் நாக்கையோ அசைக்கும்போது பந்தின் பழக்கத்தில் ஃபிரேம்களையும் குறைத்துக்கொண்டே வந்துவிடுவார்கள். விளக்கு பதற்றத்தில் நடுங்குவதுபோல் ஆகிவிடும். மேலும், ஊசல் வகை அசைவில் இரு கோடிகளிலும் படங்கள் நெருக்கமாகவும் நடுவில் விலகியும் இருக்கவேண்டும். அதாவது மென்பொருள் தானாகப் போடும் அந்த மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும் வளைகோடு இங்கே கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறது. எங்கே அதை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது இந்த இரண்டு பயிற்சியிலேயே தெரிந்துவிடும்.

பொம்மையில் இன்னொரு வகை, தலை, மார்பு, பாவாடை என்று தனித்தனித் துண்டுகளாகக் கம்பி முனையில் நிற்கும் நாட்டியப் பெண். மேசையை லேசாகத் தட்டிவிட்டு, மொபைலில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் அதில் எடுங்கள். துண்டுகள் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை, ஒரே நேரத்தில் நிற்பதுமில்லை. ஒன்று இடப்பக்கம் திரும்பத் தொடங்கும்போது இன்னொன்று இன்னும் வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஓடி நின்றவளின் பின்னல், திரும்பியவரின் தோள்துண்டு, மாட்டின் கழுத்துத் தோல் எல்லாம் இதே முறையில்தான் அசைகின்றன. அந்தப் பொம்மையின் ஒரு ஆட்டத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துப் பன்னிரண்டு தாளில் வரைந்துவிட்டால், பின்தொடரும் அசைவு என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது உங்கள் கைக்கு வந்துவிடும்.

மனித உருவத்துக்கு வரும்போது வேலைமுறை மாறுகிறது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை வரிசையாக வரைந்துகொண்டே போவது ஒரு வழி. தீ, புகை, தண்ணீர் போன்றவற்றுக்கு அது நன்றாக வரும். பாத்திரங்களுக்கு முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்துகொண்டு, பிறகு இடைப்படங்களை நிரப்புவதே பாதுகாப்பானது. அப்படி வரையும் நிலைகளைக் கீ போஸ் என்கிறார்கள். எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது, அதைக் கற்க நீங்கள் வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடவேண்டியதில்லை. சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டு, மீதி 27-க்கான கற்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அந்தத் தளத்துக்குப் பொதுவாக யாரையும் விடுவதில்லை, எனவே சிதம்பரத்துக்கே போங்கள். ஒரு கரணம் என்பது கை, கால், உடல் ஆகியவை சேர்ந்து செய்யும் முழு அசைவு. சிற்பி அதிலிருந்து ஒரே ஒரு கணத்தைத்தான் கல்லில் வைக்க முடியும், அந்த ஒன்றிலிருந்து முன்னும் பின்னும் நடந்தது புரிந்துவிடவேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிற்பங்களைக் குச்சி உருவமாக வரைந்துகொண்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில் நடுப்படம் எப்படி இருக்கும் என்று வரைந்து பாருங்கள். கை நேர்கோட்டில் போகாது, வில்லாக வளைந்து போகும். இடுப்பு முதலில் நகரும், தலை கடைசியில் வரும். பரதநாட்டியம் கற்ற ஒரு தோழியோ தங்கையோ இருந்தால் அந்த இடைநிலையைச் செய்துகாட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நடையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு காலடிக்கு நான்கு நிலைகள்: குதிகால் தரையைத் தொடுவது, எடை அந்தக் காலில் இறங்கி உடல் தாழ்வது, மற்றக் கால் கடந்து செல்வது, உடல் உயர்வது. ஒரு காலடிக்கு 12 ஃபிரேம் என்றால் காரியமாகப் போகிறவரின் நடை. 16 என்றால் உலாவுவது. 24 என்றால் தளர்ந்தவர். இந்த அட்டவணையைத் தெரிந்துகொண்டு எல்லாரும் செய்யும் நடை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் வயலுக்குப் போங்கள். வரப்பில் நடப்பவர் ஒரு பாதத்தை மற்றதற்கு நேர் முன்னால் வைக்கிறார், கைகள் வீசுவதில்லை, சற்று விலகி நின்று சமநிலை பார்க்கின்றன. அதே ஆள் சேற்றில் இறங்கியதும் எல்லாம் மாறுகிறது. பாதம் புதைந்து நிற்க, முழங்கால் மேலே வரத் தொடங்கிவிடும். குதிகால் முதலில் விடுபடும், விரல்கள் இன்னும் பிடியில் இருக்கும். பல ஃபிரேம்கள் பாதம் நகராததுபோலவே தெரிந்து, சட்டென்று ஒன்றிரண்டு ஃபிரேமில் விடுபட்டுத் தேவைக்குமேல் உயர்ந்துவிடும். உடல் அதைச் சமாளிக்க எதிர்ப்பக்கம் சாயும். அந்தத் தாமதமும் திடீர் விடுதலையும்தான் சேற்றைக் காட்டுகின்றன. படத்தில் சேற்றை வரையாமல், வெறும் வெள்ளைத் தாளில் இந்த ஸ்பேசிங்கோடு ஒரு குச்சி மனிதனை நடக்கவிட்டால் பார்ப்பவர் சேறு என்று சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் விடுபடும் இடத்தில் ஒரு படத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நடவு நடும் பெண்கள் குனிந்தபடி பின்னோக்கி நகர்வதையும் எடுத்துப் பாருங்கள். முன்னோக்கி நடக்கும் படங்களைத் தலைகீழாக அடுக்கினால் அது வராது. பின்வைக்கும் காலில் விரல்கள் முதலில் இறங்குகின்றன, எடை மிகத் தாமதமாகத்தான் மாறுகிறது. படம்பிடிக்கும்போது அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

உங்கள் பகுதியில் தவிலோ மிருதங்கமோ கேட்காமல் வளர்ந்தவர் குறைவு என்பதால் இதையும் சொல்கிறேன். இசைக்கு அசைவை அமைக்கும்போது தாளத்தின் எண்ணிக்கைகளான அட்சரங்களை ஃபிரேம்களாக எழுதிக்கொள்வது வழக்கம். அட்சரத்துக்கு ஒரு நொடி என்ற காலப்பிரமாணத்தில் ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் சேர்ந்த ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 192 ஃபிரேம் ஆகும். அட்சரத்தை நான்கு மாத்திரைகளாகப் பிரிக்கும் சதுச்ர நடையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் 6 ஃபிரேம், மூன்றாகப் பிரிக்கும் திச்ர நடையில் 8 ஃபிரேம், இரண்டும் அழகாக விழும். ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்தில் 4.8 என்றும் ஏழாகப் பிரிக்கும் மிச்ரத்தில் 3.4-க்குச் சற்று மேலும் வந்து உதைக்கும். கண்ட நடைக்கு 5, 5, 5, 5, 4 என்று பிரித்துக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரியாது. அல்லது நம் தொலைக்காட்சி முறையான நொடிக்கு 25 ஃபிரேமில் வேலைசெய்தால் மாத்திரைக்குச் சரியாக ஐந்து வந்துவிடும். அடி விழும் படத்தை ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஒலிக்குப் பின்னால் வந்தால் தாளம் தப்பியதாகவே தோன்றும்.

வரைய வராது என்ற கவலைக்கு வருகிறேன். குச்சி உருவம் வரைய வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம். அதற்கும் மனமில்லை என்றால் வெட்டுருவம் இருக்கிறது. லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1926-ல் வெளியான தம் முழுநீளப் படத்தைக் கறுப்பு அட்டையைக் கத்தரித்துச் செய்த உருவங்களை, வெளிச்சமுள்ள கண்ணாடிமேல் சிறிது சிறிதாக நகர்த்தியே எடுத்தார். விளக்குக்கும் திரைக்கும் நடுவே உருவம் ஆடும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவருக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. முடிந்துபோன தினசரிக் காலண்டரின் அட்டை இதற்கு நல்ல கனம். மூட்டுகளில் ஊசியால் துளையிட்டு, நூலை இருபக்கமும் முடிச்சுப் போட்டால் போதும். முடிச்சு மிகத் தளர்வாக இருந்தால் கை தானாகச் சரியும், மிக இறுகினால் ஒன்றை நகர்த்த எல்லாம் நகரும். இரண்டுக்கும் நடுவே வரும்வரை பிரித்துப் பிரித்துக் கட்டவேண்டியிருக்கும்.

பொருள்களை நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனுக்கு மொபைல் தாராளமாகப் போதும். பத்து நொடிக்கு, ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் காட்டினால், 120 புகைப்படங்கள். தொடங்கும் முன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் அது தானாக மாறி, ஓட்டும்போது காட்சி மினுக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பவேண்டாம், மேகம் கடந்தாலே தெரிந்துவிடும். இரவில் ஒரே விளக்கில் எடுங்கள். மின்தடையும் அழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊரானால் இன்வெர்ட்டரில் எரியும் விளக்கு நல்லது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள், நீங்கள் நகரும்போதெல்லாம் அதன் எதிரொளி பொம்மைமேல் விழும். உருவத்துக்கு ஆற்றங்கரைக் களிமண்ணை எடுக்கத் தோன்றும். வண்டல் களி விளக்குச் சூட்டில் காய்ந்து, படப்பிடிப்பு பாதியில் இருக்கும்போதே வெடித்துவிடும். கடையில் கிடைக்கும் எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் காயாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய மடிக்கணினியில் பென்சில்2டி தடையின்றி ஓடும். வண்ணமும் தூரிகையும் வேண்டுமானால் கிரிட்டா. ஓப்பன்டூன்ஸ் வலுவானது, பழக நாளாகும். இவை மூன்றும் பிளெண்டரைப் போலவே இலவசம். பிளெண்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. 2025-ல் சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற ஃப்ளோ என்ற லாட்வியப் படம் அதில்தான் உருவானது. காகிதத்தில் பந்து, பொம்மை, நடை ஆகிய மூன்றும் கைவந்த பிறகு அதற்குத் திரும்புங்கள், கிராஃப் எடிட்டரிலுள்ள ஒவ்வொரு வளைகோடும் உங்களிடம் பேசத் தொடங்கும். மொபைலில் வரைந்து பழக ஃபிலிபாக்லிப் போன்ற செயலிகளும் உண்டு, பேருந்துப் பயணத்துக்கு அவை போதும்.

சென்னையைப் பற்றிய கேள்விக்கு என் பதில், இப்போதைக்குத் தேவையில்லை என்பதே. பட்டப்படிப்பை முடியுங்கள், இந்தத் தொழிலில் இயற்பியல் தெரிந்தவருக்கு, குறிப்பாகத் துணி, நீர், தூள், புகை ஆகியவற்றைக் கணினியில் உருவாக்கும் பிரிவுகளில், நல்ல இடம் உண்டு. அதற்குப் பிறகு முறையாகப் படிக்க விரும்பினால், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியிலும் அனிமேஷனில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடக்கிறது; தகுதி விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் மாணவர்களோடு பழகி, அவர்கள் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் உட்கார்ந்து வரையும்போது நீங்களும் கூட உட்கார்ந்தால், வரைய வராது என்ற பேச்சு மெல்லக் குறையும். பயிற்சி மையத்தில் மறுபடி பணம் கட்டுவதாக இருந்தால், சேரும் முன் அங்கே கற்பிப்பவர் தாமே செய்த நடை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

வேலைக்கோ படிப்புக்கோ அனுப்பும், நீங்கள் செய்த அசைவுகளின் வீடியோத் தொகுப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். மிகச் சிறந்த துண்டு முதல் ஐந்து நொடிக்குள் வந்துவிடவேண்டும், பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதற்குமேல் பொறுப்பதில்லை. பளபளப்பான பின்னணியும் பின்னணி இசையும் தேவையில்லை. சேற்றில் நடக்கும் குச்சி மனிதன், தலையாட்டிப் பொம்மை, பத்து மீட்டரிலிருந்து விழுந்து ஒருமுறை மட்டும் எழும்பி உருண்டுபோகும் தேங்காய் என்று கோட்டோவியமாகவே வையுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஃபிரேம் எண் ஓடட்டும், பார்ப்பவர்கள் நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்க்க அது வசதியாக இருக்கும்.